செய்திக்குழுவை விட்டு இணைய மன்றத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை உப்புவெளியில் ஏசி, பிரிட்ஜ், தண்ணி மோட்டர் இவற்றின் கன்ட்ரோல் போர்ட் திருத்துவது என் தொழில். வேலை அதிகம் வருவது நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களிலிருந்து. கடற்காற்றின் உப்பு போர்டைத் தின்றுவிடும். சர்க்யூட் படம் கிடைக்காத போர்ட் மேசைக்கு வந்தால் நான் பதினைந்து வருடமாகப் போய்க் கேட்ட இடம் யூஸ்நெட் செய்திக்குழுக்கள், அதாவது தலைப்புக்கு ஒரு குழுவாக எழுத்தில் கேள்வி, பதில் போடும் இணையத்தின் பழைய கலந்துரையாடல் இடங்கள். திருத்தவேலைக்கு சை.எலெக்ட்ரானிக்ஸ்.ரிப்பேர், சி மொழிச் சந்தேகத்துக்கு கொம்ப்.லாங்.சி. எல்லாவற்றையும் கூகுளின் கூகுள் குரூப்ஸ் தளம் வழியாகவே வாசித்தேன், எழுதினேன். 2024 பெப்ரவரி 22 முதல் அந்த வழியில் யூஸ்நெட்டுக்குப் புதிதாக எழுதவும் முடியாது, புதுப் பதிவுகளைப் பார்க்கவும் முடியாது என்று ஆகியது.

அதற்குப் பிறகு இணைய மன்றங்களில் (ஃபோரம் தளங்களில்) காலூன்ற எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் முக்கால்வாசி தேவையில்லாத அலைச்சல். அங்கே நல்ல பழக்கமாக இருந்தது இங்கே பிழையாக எடுக்கப்படுகிறது. அதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. நீங்கள் அப்படி அலையவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கிளம்புவதற்கு முன் பழையதை எடுத்து வையுங்கள்

இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். நான் கடைசியில் செய்து நிறைய இழந்தேன்.

தேவையானவை இரண்டு: இமெயிலும் செய்திக்குழுவும் வாசிக்கும் தண்டர்பேர்ட் மென்பொருள், செய்திக்குழுப் பதிவுகளை வைத்திருந்து தரும் நியூஸ் சேர்வர் ஒன்றில் கணக்கு. இரண்டும் இலவசம். எழுத்து மட்டும் போடும் குழுக்களுக்கு இட்டர்னல் செப்டெம்பர் என்ற சேர்வர் போதும். பதிவு செய்யும்போது பெயர், இமெயில் மட்டும்தான் கேட்கும். தண்டர்பேர்ட்டில் நியூஸ்குரூப் கணக்கு ஒன்று திறந்து, பாதுகாப்பான இணைப்புக்குப் போர்ட் எண்ணை (சேர்வரின் வாசல் எண்) 563 என்று கொடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு குழுவை முதல்முறை திறக்கும்போது 500 ஹெடர் (பதிவின் தலைப்பு, எழுதியவர், தேதி) மட்டும் இறக்கவா, எல்லாவற்றையும் இறக்கவா என்று தண்டர்பேர்ட் கேட்கும். பேசாமல் ஓகே அழுத்தினால் கடைசி 500 மட்டும்தான் வரும். மிச்சத்தை வாசித்ததாகக் குறித்துவிடும் பெட்டியும் அதே இடத்தில் இருக்கிறது. அவசரத்தில் அதையும் டிக் செய்துவிட்டால் பிறகு தேடி அலையவேண்டும். எல்லா ஹெடரையும் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

ஹெடர் வந்ததோடு வேலை முடியாது, உள்ளடக்கம் இன்னும் சேர்வரில்தான் இருக்கிறது. குழுவின் பண்புகளில் ஓஃப்லைன் பாவனைக்கு என்பதைத் தெரிவு செய்து இறக்கவேண்டும். இறக்கிய பிறகு உங்களுக்கு முக்கியமான பதிவுகளைத் தெரிந்தெடுத்து லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். அது எம்பாக்ஸ் (பல பதிவுகளை ஒரே ஃபைலில் சேர்க்கும்) வடிவில் உங்கள் டிஸ்கிலேயே கிடக்கும். அந்த ஃபைலைப் பெரும்பாலான மென்பொருள்கள் வாசிக்கும். ஒரு பென் டிரைவில் இன்னொரு பிரதி வைத்துவிடுங்கள்.

சேர்வர்கள் எல்லாக் காலத்துப் பதிவுகளையும் வைத்திருப்பதில்லை. பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தையது வேண்டுமென்றால் கூகுள் குரூப்ஸில் தேடுங்கள். பழைய பதிவுகள் அங்கே வாசிப்பதற்கு இருக்கின்றன. நீங்கள் எழுதியவற்றையும் உங்களுக்குக் கிடைத்த நல்ல பதில்களையும் ஒவ்வொன்றாகச் சேமியுங்கள். எனக்கு இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த நேரம் வீணில்லை. இன்றைக்கும் ஒரு பழைய கம்ப்ரஸர் டிரைவர் போர்ட் வந்தால் நான் முதலில் தேடுவது அந்த ஃபோல்டரில்தான்.

2. எந்தக் குழுவுக்கு எந்த மன்றம்

ஒரு செய்திக்குழுவுக்குச் சமமான ஒரே மன்றம் என்று கிடையாது. உங்கள் கேள்விகளை வகை பிரித்துப் பார்த்தால்தான் எங்கே போவது என்று தெரியும்.

நிரல் எழுதுவதில் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்குப் பதில் வேண்டுமென்றால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. லினக்ஸ் கட்டளைகளுக்கு யுனிக்ஸ் அண்ட் லினக்ஸ் என்ற அதன் சகோதரத் தளம், உபுண்டு பாவிப்பவர்களுக்கு ஆஸ்க் உபுண்டு, கட்டுரை, புத்தகம் அச்சமைக்கும் லேடெக் எழுதுபவர்களுக்கு டெக் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். பைதான், ரஸ்ட், ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை ஒவ்வொன்றுக்கும் சொந்த மன்றம் உண்டு. அங்கே கொஞ்சம் விரிவாகக் கலந்து பேசலாம். எலெக்ட்ரானிக்ஸ் திருத்தவேலைக்கு ஈஈவிபிளாக் மன்றத்தின் ரிப்பேர் பகுதி எனக்கு மிகவும் உதவியது.

இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஸ்டாக் வகைத் தளங்கள் கேள்வி, பதில் என்ற ஒழுங்கில் மட்டும் ஓடுபவை. "இது சரியா, எது நல்லது, உங்கள் அனுபவம் என்ன" என்று கேட்டால் பெரும்பாலும் கேள்வியை மூடிவிடுவார்கள், பிறகு யாரும் பதில் எழுத முடியாது. அங்குள்ள எலெக்ட்ரிக்கல் எஞ்ஜினியரிங் தளத்தில் "போர்ட் வேலை செய்யவில்லை, என்ன பழுது" என்று கேட்டாலும் அதேதான். நீங்கள் எங்கே எவ்வளவு வோல்டேஜ் அளந்தீர்கள், எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று காட்டவேண்டும். மனம்விட்டுப் பேசுவதற்கு மற்ற மன்றங்கள்.

கொம்ப்.லாங்.சி, கொம்ப்.ஆர்க் போன்ற சில குழுக்களில் இன்னும் ஆள் நடமாட்டம் இருக்கிறது. அவற்றை விட்டு வரவேண்டிய அவசியமே இல்லை, இரண்டு பக்கமும் இருக்கலாம்.

3. கணக்குத் திறத்தல்: ஆவணமும் செலவும்

நான் மேலே சொன்ன மன்றங்கள் எல்லாம் இலவசம். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ தேவையில்லை. ஒரு தொழில்நுட்ப மன்றம் உங்கள் தேசிய அடையாள அட்டையைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். தேவையானது ஒரு இமெயில் முகவரி மட்டும்.

அந்த இமெயில் உங்கள் சொந்த முகவரியாக இருக்கட்டும். வேலை செய்யும் இடம் தந்த முகவரியில் நான் ஒரு கணக்குத் திறந்திருந்தேன். அந்த வேலையை விட்டதும் இமெயில் போனது. பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் அந்த முகவரிக்குத்தான் போகும் என்பதால் கணக்கும் போனது. நாற்பதுக்கு மேற்பட்ட பதில்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன. அவற்றில் உள்ள ஒரு பிழையைத் திருத்தக்கூட எனக்கு வழியில்லை.

இரண்டு படிப் பாதுகாப்பு வைக்கும்போது எஸ்எம்எஸ் வழியை விட, போனில் இருக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. சிம் தொலைந்தாலும் ஆப் வேலை செய்யும். கணக்குத் தரும் மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் அச்செடுத்து வீட்டு உறுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே பைலில் வையுங்கள். ஒரு கணக்குத் திறந்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஒரேயடியாக ஐந்தாறு மன்றத்தில் திறக்காதீர்கள், முதல் மாதத்துக்கு இரண்டு போதும்.

4. முதல் இரண்டு வாரம்

செய்திக்குழுவில் நுழைந்த அன்றே எல்லாரும் சமம். மன்றத்தில் அப்படி இல்லை, புதியவருக்குச் சில கதவுகள் பூட்டியிருக்கும். உங்கள் கணக்கில் ஏதோ பழுது என்று நினைத்து மன்ற நிர்வாகிக்கு எழுதிவிடாதீர்கள்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 1 புள்ளியோடு தொடங்குவீர்கள். கேள்வி கேட்கலாம், பதில் எழுதலாம். ஆனால் மற்றவரின் பதிவுக்குக் கீழே கருத்து எழுத 50 புள்ளி வேண்டும், ஆதரவு வாக்குப் போட 15, எதிர்வாக்குப் போட 125. ஒரு ஆதரவு வாக்குக்கு 10 புள்ளி கிடைக்கும். பதிலைக் கேட்டவர் ஏற்றுக்கொண்டால் 15. நல்ல பதில் இரண்டு எழுதினாலே 50 வந்துவிடும். கருத்து எழுத முடியவில்லையே என்று கருத்தைப் பதில் பெட்டிக்குள் எழுதுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. நானும் செய்தேன், அழித்துவிட்டார்கள்.

டிஸ்கோர்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மன்றங்கள் வேறு மாதிரி. பைதான், ரஸ்ட், ஆர்டுயினோ மன்றங்கள் இந்த வகை. புதியவர் ஒரு பதிவில் இரண்டு இணைப்பு, ஒரு படம் மட்டும் போடலாம். தனிமடல் அனுப்ப முடியாது. ஐந்து திரிகளை (ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்தது ஒரு திரி) திறந்து, 30 பதிவுகளை வாசித்து, மொத்தம் பத்து நிமிடம் செலவழித்தால் அடுத்த படிக்குத் தானாக ஏற்றிவிடும். இது வழமையான அளவு, மன்றத்துக்கு மன்றம் கொஞ்சம் மாறலாம். ஆகவே கணக்குத் திறந்த கையோடு மூன்று படம் போட்டுக் கேள்வி கேட்க முயலாமல், ஒரு தேநீர் குடிக்கும் நேரம் இருந்து வாசியுங்கள்.

5. கேள்வி எழுதும் முறை

நான் அதிகம் கஷ்டப்பட்டது இங்கேதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செய்திக்குழுவில் ஒரு வரி 72 எழுத்துக்குள் வரும்படி என்டர் தட்டி எழுதுவோம். டிஸ்கோர்ஸ் மன்றத்தில் அந்த என்டர் ஒவ்வொன்றும் அப்படியே வரி முறிவாகத் தெரியும். போனில் வாசிப்பவருக்கு வரிகள் துண்டு துண்டாக, கவிதை போல இருக்கும். பந்தியை ஒரே ஓட்டமாக எழுதுங்கள், பந்தி முடிந்ததும் ஒரு வெற்று வரி விடுங்கள்.

கையொப்பம் வேண்டாம். செய்திக்குழுவில் பதிவின் கடைசியில் இரண்டு கோடு போட்டு அதன் கீழ் பெயர் எழுதுவது மரியாதை. மன்றங்களில் பாவிக்கும் மார்க்டவுன் (சின்னக் குறிகளால் தலைப்பு, சாய்வெழுத்து காட்டும்) முறையில், ஒரு பந்தியின் அடியில் வெற்று வரி இல்லாமல் கோடு போட்டால் அதற்கு மேலே உள்ள பந்தி முழுவதும் தலைப்பு என்று அர்த்தம். என் முதல் கேள்வியின் கடைசிப் பந்தி பெரிய தடித்த எழுத்தில் வந்தது. நான் கத்துவதாக நினைத்து ஒருவர் கோபமாகப் பதில் எழுதினார். எனக்குக் காரணமே விளங்கவில்லை. கம்பஸில் படிக்கும் மருமகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, கீழ இருக்கிற ரெண்டு கோட்டையும் எடுத்துவிடுங்கோ" என்றான். எடுத்ததும் சரியாகிவிட்டது.

நிரலை அப்படியே ஒட்டாதீர்கள். நட்சத்திரக் குறி இரண்டு வந்தால் நடுவில் உள்ளது சாய்ந்த எழுத்தாகி நட்சத்திரம் மறைந்துவிடும். சி மொழியில் பாயின்டர் எழுதுபவர்களுக்கு இது பெரிய ஆபத்து. சி பிளஸ் பிளஸில் முதல் வரியில் கூர் அடைப்புக்குள் எழுதும் ஐஓஸ்ட்ரீம் என்ற சொல்லே காணாமல் போகும், அதை ஒரு எச்டிஎம்எல் குறி என்று தளம் நினைத்துக்கொள்ளும். நிரலுக்கு மேலே ஒரு வரியில் ``` என்றும் கீழே ஒரு வரியில் ``` என்றும் போடுங்கள். அந்தக் குறி கீபோர்டில் எண் 1க்கு இடப்பக்கத்தில் இருக்கிறது. ஈஈவிபிளாக் போன்ற பழைய வகை மன்றங்களில் இது வேலை செய்யாது. அங்கே சதுர அடைப்புக் குறிகள்தான், எழுதும் பெட்டிக்கு மேலே அதற்குப் பொத்தான் உண்டு. எந்த மன்றமானாலும் அனுப்புவதற்கு முன் முன்னோட்டம் பாருங்கள்.

ஒரே கேள்வியை நாலு குழுவுக்கு ஒன்றாக அனுப்பும் பழக்கம் நமக்கு இருக்கிறது. மன்றங்களில் அதைச் செய்யாதீர்கள். ஒரு இடத்தில் கேட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பதில் வராமல் வேறு இடத்தில் கேட்டால், முன்பு எங்கே கேட்டீர்கள் என்று இணைப்போடு சொல்லுங்கள்.

வணக்கம், நன்றி எழுதாமல் பேச்சைத் தொடங்க நமக்கு மனம் வராது. ஸ்டாக் தளங்களில் அவற்றை யாரோ வந்து வெட்டிவிடுவார்கள். அது அவமதிப்பு இல்லை, அங்குள்ள வழக்கம். உங்கள் கேள்வியையே இன்னொருவர் திருத்தி எழுதலாம். செய்திக்குழுவில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். திருத்தம் பிழையென்றால் பழையபடி மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது மேலதிக விபரம் கேட்டால் கேள்வியைத் திறந்து அதற்குள்ளேயே சேருங்கள்.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் சின்னச் சின்ன வசனமாக எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தது. இந்த மூன்றும் இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. எர்ரர் செய்தியை மட்டும் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போடும்போது நிரலையும் எர்ரரையும் அதற்குள் போடாதீர்கள், அவற்றையும் மாற்றிவிடும். பதில் எழுதும்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை ஒட்டாதீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2022 டிசம்பரிலிருந்து அதற்குத் தடை.

என் ஒரு கேள்வியை ஒரு தளத்தில் இருபது நிமிடத்தில் "ஏற்கெனவே கேட்டது" என்று மூடினார்கள். மனம் நொந்து ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு அவர்கள் காட்டிய பழைய கேள்வியைத் திறந்து பார்த்தேன்; எனக்கு வேண்டிய பதில் அங்கே இருந்தது. மூடினால் முதலில் அந்த இணைப்பை வாசியுங்கள். உண்மையில் வேறு கேள்வி என்றால், எப்படி வேறு என்று ஒரு வசனம் சேர்த்துத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம்.

போட்டோ போடமுடிவது மன்றத்தின் பெரிய வசதி. போர்டின் இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். அனுப்புவதற்கு முன் வாடிக்கையாளரின் பெயர் ஒட்டிய லேபல், படத்துக்குள் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவல் இரண்டையும் நீக்குங்கள்.

6. எந்த நேரத்தில் போடுவது

செய்திக்குழுவில் காலையில் எழுதிவிட்டு மறுநாள் பார்த்தாலும் பதிவு அங்கேயே இருக்கும். மன்றத்தில் முதல் ஓரிரு மணி நேரத்திலேயே பலர் பார்த்து முடித்துவிடுவார்கள், பிறகு கேள்வி கீழே போய்விடும். நமது நேரம் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு 7 மணிக்குப் போட்டால் ஐரோப்பாவில் பகல், நியூயார்க்கில் அப்போதுதான் வேலைக்கு உட்காரும் நேரம். காலை 9 மணிக்குப் போட்டால் ஐரோப்பாவில் விடிகாலைத் தூக்கம், நியூயார்க்கில் இரவு பத்தரைக்கு மேல். போட்ட பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் பக்கத்தில் இருங்கள். "எந்த ஐசி, எத்தனை வோல்ட்" என்று கேட்கும்போது உடனே பதில் சொன்னால்தான் தொடர்ந்து உதவுவார்கள்.

பல மாதம் ஆறிப்போன திரியில் போய் "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதுவதையும் தவிருங்கள். புதுத் திரி தொடங்கிப் பழையதற்கு இணைப்புக் கொடுங்கள்.

7. நெற் இல்லாத நேரத்துக்கு

மாரிக்காலத்தில் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் மழை தொடங்கினால் கரண்ட் போகும், பின்னாலேயே நெற்றும் போகும். செய்திக்குழுவில் எல்லாம் கொம்பியூட்டருக்குள் இறங்கியிருக்கும், லேப்டொப் பட்டரி இருக்கும்வரை வாசிக்கலாம். மன்றத்துக்குப் போனபோது நான் அதிகம் ஏங்கியது இதற்குத்தான். வழி இருக்கிறது.

டிஸ்கோர்ஸ் திரியின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் சிறிய எழுத்தில் சேர்த்தால் ஓடை (புதுப் பதிவுகள் தானாக வந்து சேரும் வழி) கிடைக்கும். ஸ்டாக் தளங்களில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஓடை உண்டு. நீங்கள் முதல் படியில் போட்ட அதே தண்டர்பேர்ட் இந்த ஓடைகளையும் வாசிக்கும். டிஸ்கோர்ஸ் கணக்கின் இமெயில் அமைப்பில் மெயிலிங் லிஸ்ட் முறை என்று ஒன்று இருந்தால் அதை இயக்குங்கள், ஒவ்வொரு பதிவும் இமெயிலாக வரும். பதிவு அதிகம் உள்ள மன்றத்தில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் வந்து குவியும் என்பதால் தேவையில்லாத பிரிவுகளை முதலில் மௌனமாக்கிவிடுங்கள்.

கிவிக்ஸ் என்ற இலவச ஆப்பில் ஸ்டாக் தளங்களை முழுதாக இறக்கி வைக்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ முழுவதும் பல பத்து ஜிபி, அதைத் தொடவேண்டாம். உங்கள் துறைக்குரிய சிறிய தளத்தை மட்டும், நள்ளிரவு டேட்டா தனியாகத் தரும் பேக்கேஜ் இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள்.

8. ஒரு குழுவாகப் போகிறீர்கள் என்றால்

உப்புவெளி, கிண்ணியா, சீனக்குடா என்று நாங்கள் பதினொரு பேர் திருத்தவேலைக்காரர். எங்களுக்கென்று ஒரு சிறிய மன்றம் வேண்டும் என்று தோன்றியது. டிஸ்கோர்ஸ் மென்பொருள் இலவசம், அதை ஓடவைக்கும் சேர்வருக்குத்தான் காசு. குறைந்தது 1 ஜிபி ராம், 10 ஜிபி டிஸ்க் வேண்டும். 1 ஜிபியில் ஓடும், ஆனால் புதுப்பிக்கும்போது திணறும். 2 ஜிபி எடுங்கள். எங்களுக்கு மாதம் 12 டொலர், தலைக்கு ஒரு டொலருக்குக் கொஞ்சம் மேலே. மன்றத்துக்குச் சொந்த இணைய முகவரி (டொமைன்) ஒன்றுக்கு வருடத்துக்கு 10 முதல் 15 டொலர் வரை வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய எச்டிடிபிஎஸ் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் மூலம் இலவசம். காசு கட்டும் கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலில் கேளுங்கள். எங்கள் கார்டு மூன்று முறை மறுக்கப்பட்ட பிறகுதான் அது மூடியிருப்பது தெரிந்தது.

இமெயில் போகாமல் மன்றம் இயங்காது. பதிவு செய்பவருக்கு உறுதிப்படுத்தும் கடிதம் போகவேண்டும். சேர்வர் கொடுப்பவர்கள் பலர் இமெயில் போகும் வாசலான போர்ட் 25ஐ மூடி வைத்திருப்பார்கள். இமெயில் அனுப்பும் சேவை ஒன்றில் கணக்கு எடுத்து போர்ட் 587 வழியாக அனுப்புங்கள். இந்த ஒரு விடயத்தில் எங்களுக்கு ஒன்பது நாள் போனது. மற்ற வேலை முழுவதும் ஒரு மாலைப்பொழுதுதான்.

முதல் படியில் சேமித்த எம்பாக்ஸ் ஃபைலை டிஸ்கோர்ஸுக்குள் இறக்குமதி செய்யலாம், அதற்கான நிரல் அதனுடனேயே வருகிறது. பழைய தமிழ்ப் பதிவுகள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தால் இறக்குமதிக்கு முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். லினக்ஸில் உள்ள ஐகான்வி கட்டளைக்கு டிஸ்கி தெரியும். மற்றவர்களின் பதிவுகளைப் போடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள், அவர்களின் இமெயில் முகவரிகளை மறையுங்கள். கிண்ணியா நானா ஒருவர், "என்ட பதிவ போடுங்க, போன் நம்பர மட்டும் எடுத்திருங்க" என்றார். அப்போதுதான் எத்தனை பதிவுகளில் போன் நம்பர் இருக்கிறது என்றே பார்த்தோம்.

கடைசியாக, பழைய செய்திக்குழுவில் மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு, புது முகவரியை எழுதிப் போடுங்கள். அறிவிப்பில் மன்றத்தின் முகவரி முழுதாக இருக்கட்டும், எப்படிப் பதிவு செய்வது என்று நாலு வரி இருக்கட்டும். எங்களில் இருவர் மூன்றாவது அறிவிப்பைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள்.